அரைப் பேர் கோஷ்டி: மேடையில் முதலில் யாரை ஏற்றுவது?

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் சம்பளக் கணக்கில் ஒரு பேர். சொன்ன அளவு கொழுந்து வரவில்லை, இல்லை பகலோடு கிளம்பிவிட்டார் என்றால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். அரைப் பேர் விழுந்த நாளில் கணக்கப்பிள்ளையைத் திட்டாமல் லயத்துக்குப் போன ஆளை நான் பார்த்ததில்லை. பெரிய ரொக் கோஷ்டிக்கு முன்னால் ஏறி வாசிக்கிற சின்னக் கோஷ்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும். மேடை அதே மேடைதான். ஆனால் விளக்கு பாதிதான் எரியும், ஸ்பீக்கர் பாதிச் சத்தத்தில் இருக்கும், கூட்டம் பாதிதான் வந்திருக்கும். வந்த பாதியும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடை வாங்கிக்கொண்டிருக்கும்.

வருகிற பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எங்கள் டவுன் மைதானத்தில் ரொக் நிகழ்ச்சி. ஹட்டனிலிருந்து அரை மணி நேர பஸ் தூரம். கொழும்பிலிருந்து ஒரு கோஷ்டி வருகிறது. சிங்களத்திலும் தமிழிலும் பாடுவார்கள். டிக்கட் 1,000 ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் பார்த்தால் வாசலில் டிக்கட் கிழிக்கும்போதே ஒருவர் முக்கால் பேரைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். அப்படி வருகிறவருக்கு முதலில் யாரைக் காட்டுவது என்று கமிட்டியில் மூன்று வாரமாகச் சண்டை. ஒன்பது பேர், ஐந்து யோசனை. அந்த ஒன்பதில் நானும் ஒருவன். மேடை நேரம் குறிப்பது என் வேலை.

போன தடவையும் எனக்கு அதே வேலைதான். அந்தக் குறிப்புக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது, பிரதம விருந்தினர் வந்து சேர 6.20 ஆனது. விளக்கேற்றல், வரவேற்புரை, பொன்னாடை, நினைவுச் சின்னம், ஆசியுரை, மறுபடியும் பொன்னாடை என்று போய் 7.15. முன்னால் வாசிக்க வந்த பையன்கள் 7.25க்கு ஏறி 7.50க்கு இறங்கினார்கள். கொடுத்தது 25 நிமிடம், ஒரு நிமிடம்கூடக் கூட எடுக்கவில்லை. அப்புறம் அவர்களுடைய ட்ரம்ஸைக் கழற்றி இறக்கி, பெரிய கோஷ்டியின் ட்ரம்ஸை ஏற்றி, மைக் பொருத்தி, ‘ஹலோ, செக், செக்’ எல்லாம் முடிய 8.35. பத்து மணிக்குப் பொலிஸ் வந்துவிட்டது. ஆக, பெரிய கோஷ்டி வாசித்தது 85 நிமிடம்.

மைதானத்தை விட்டு வெளியே வந்த கூட்டம் திட்டியது யாரைத் தெரியுமா? அந்தப் பையன்களை. “முன்னாடி வந்தவனுங்க நேரத்த எல்லாம் தின்னுட்டானுங்க” என்று ஆட்டோ ஸ்டாண்டில் என் காதுபடவே பேசினார்கள். பொன்னாடை தின்றது 55 நிமிடம், ட்ரம்ஸ் மாற்றியது தின்றது 45 நிமிடம். பழி மட்டும் 25 நிமிடம் வாசித்தவர்கள் தலையில்.

பத்து மணி என்பது யாரோ ஒரு பொலிஸ்காரரின் பிடிவாதம் இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் போட்ட கட்டளை அது. விசேஷங்களுக்கு விலக்கு வாங்க வழி இருக்கிறது. ஆனால் மைதானத்தைச் சுற்றி இருக்கும் வீடுகளின் சம்மதத்தோடு போக வேண்டும், எங்கள் மைதானத்தைச் சுற்றி நோயாளி, பச்சைக் குழந்தை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எல்லாம் உண்டு. அதனால் கையில் இருப்பது ஆறிலிருந்து பத்து வரை 240 நிமிடம். பெரிய கோஷ்டி 120 கேட்கிறது. பொன்னாடையை 20க்குள் அடக்குவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் (எழுதி வாங்கவில்லை). மிச்சம் 100. அந்த நூறை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

கமிட்டிக்காரர்களை விட்டுவிட்டு டிக்கட் வாங்கப்போகிறவர்களைக் கேட்டேன். ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன் நேராகவே சொன்னார்: “நா காசு குடுக்குறது அவங்களப் பாக்க. முன்னாடி யாரு பாடுனா எனக்கென்ன? டீ குடிச்சிட்டு வருவேன்.” கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்து மாதம் ஒருமுறை ஊருக்கு வரும் ஒரு தங்கச்சி அதற்கு நேரெதிர். அவள் முதல் கோஷ்டிக்கே போய்விடுவாளாம். காரணம் இசை இல்லை, இடம். முன்வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றால் ஐந்தரைக்கே போக வேண்டும். “சும்மா நிக்கிறதுக்கு யாராவது வாசிச்சா நல்லதுதானே அண்ணே. பிடிக்காத பாட்டும் கிட்ட நின்னு கேட்டா பிடிச்சிருது.” இளம் கலைஞர்களுக்கு மேடை கொடுப்பது சமூகக் கடமை என்று ஒரு மாஸ்டர் நீளமாகப் பேசினார். அவர் போன தடவை எட்டேகாலுக்குத்தான் மைதானத்துக்கு வந்தார், அதுவும் என் கொப்பியில் இருக்கிறது.

கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா சொன்னதுதான் எனக்கு உறைத்தது. “ஆறு மணிக்கு எப்புடித் தம்பி வர்றது? அந்திக் கொழுந்து நிறுத்து, வீட்டுக்குப் போயி, குளிச்சி, புள்ளைங்களுக்கு ஆக்கி வச்சிட்டு வந்து சேர ஏழு மணி ஆவும்.” அவரைப் பொறுத்தவரை மேடையில் முதலில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் அவர் பார்க்கப்போவதில்லை.

முன்னால் யாருமே வேண்டாம்

கேட்டவர்களில் நிறையப் பேர் முதலில் சொன்னது இதுதான். நேராகப் பெரிய கோஷ்டியை ஏற்று, ஆறரைக்குத் தொடங்கு, ஒன்பதுக்கு வீட்டுக்கு அனுப்பு. காசும் மிச்சம், ட்ரம்ஸ் மாற்றும் தலைவலியும் இல்லை, மேல் தோட்டங்களுக்குப் போகிற ஆட்டோக்காரர்களும் நேரத்தோடு திரும்பலாம். பெப்ரவரி என்றால் சிவனொளிபாதமலை சீசன் வேறு. வார இறுதியில் ஹட்டன் பஸ்களில் யாத்திரைக்காரர்கள் நிரம்பி வழிவார்கள், பிந்தினால் நிற்க இடம் கிடைக்காது.

ஆனால் அந்த அக்காவின் ஏழு மணியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறரைக்குத் தொடங்கினால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதல் நாலைந்து பாட்டு போய்விடும். முக்கால் பேர் கொடுத்து வந்தவர் பஸ்ஸில் இறங்கும்போதே அவருக்குப் பிடித்த பாட்டு தூரத்தில் முடிந்துகொண்டிருக்கும். முன்கோஷ்டியின் முதல் உபயோகம், பிந்தி வருகிறவர்கள் எதையும் இழக்காமல் பார்த்துக்கொள்வது. வாசிக்கிற பையன்களுக்கு இதைச் சொன்னால் மனம் நோகும்தான்.

இன்னொன்று சத்தம். வெறும் மைதானத்தில் வைத்துப் பார்த்த அளவுகள், ஆள் நிரம்பியதும் மாறிவிடும். உடம்புகள் சத்தத்தைக் குடிக்கும், பனி இறங்கினால் இன்னும் வேறு மாதிரி கேட்கும். முதல் இரண்டு மூன்று பாட்டில் சவுண்ட்காரர் தட்டுத்தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தைப் பெரிய கோஷ்டி வாங்கினால் ரசிகருக்கு நட்டம்.

இந்த யோசனையை நான் முழுசாகத் தள்ளிவிடவில்லை. ஞாயிறு பகல் இரண்டு மணி நிகழ்ச்சி என்றால் இதற்குத்தான் கை தூக்குவேன். சனி அந்திக்கு இது சரிவராது.

டீஜேயும் டீவி முகமும்

டீஜே யோசனையைக் கொண்டுவந்தவர் லைட் செட் வாடகைக்குக் கொடுப்பவர். தன்னுடைய ஆளை முன்னால் போட்டால் லைட் வாடகையில் பெரிய கழிவு தருவதாகச் சொல்கிறார். வெளிநாட்டு ரொக் சுற்றுப்பயணங்களிலும் இது உண்டு. சின்னக் கோஷ்டியின் கம்பனி காசு கட்டி, பெரிய கோஷ்டிக்கு முன்னால் இடம் வாங்கும். அது தெரிந்தால் ரசிகர்களுக்குப் பிடிக்காது, தெரியாவிட்டால் ஒன்றும் இல்லை. எங்கள் டவுனில் தெரியாமல் எதுவும் இருக்காது.

காசு விஷயத்தை விட்டாலும் டீஜேயில் எனக்கு ஒரு பயம். ஸ்டூடியோவில் பதிந்து இறுக்கி மெருகேற்றிய பாட்டு அந்தப் பெரிய ஸ்பீக்கரில் முட்ட முட்டக் கேட்கும். ஒரு மணி நேரம் அதைக் கேட்ட காதுக்கு, உயிரோடு நின்று வாசிக்கிற கோஷ்டி மெலிந்துதான் தெரியும். அது வாசிக்கிறவர் பிழையில்லை. இளவட்டங்கள் ஆடித் தீர்த்துக் களைத்துப்போய், பெரிய கோஷ்டி ஏறும்போது புல்லில் உட்கார்ந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். டீஜே எல்லாம் முடிந்த பிறகு பத்து நிமிடத்துக்குச் சரி. முன்னால் வேண்டாம்.

டீவிப் பாட்டுப் போட்டியில் வந்த ஒருவரை அழைப்பது மூன்றாவது யோசனை. நம் நாட்டு மேடை நிகழ்ச்சிகளின் வழக்கத்துக்கு இது ஒத்துப்போகும். ஒரு கோஷ்டி பின்னால் நிற்கும், பாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் காரில் வந்து இறங்கி மூன்று நாலு பாட்டுப் பாடிவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள், கடைசியில் பைலா. மேற்கிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1965 ஓகஸ்ட் 15இல் நியூயோர்க் ஷே மைதானத்தில் 55,600 பேர் முன்னால் பீட்டில்ஸ் வாசித்தது ஏறக்குறைய அரை மணி நேரம்தான். அதற்கு முன்னால் கிங் கேர்ட்டிஸ், பிரெண்டா ஹொலவே என்று ஒரு வரிசையே ஏறி இறங்கியது.

பின்னால் நிற்க ஒரு கோஷ்டி இருந்தால்தான் அது நடக்கும். எங்களுக்கு வருவது ரொக் கோஷ்டி, அவர்கள் இன்னொருவர் பாட்டுக்குப் பின்னால் நின்று வாசிக்கமாட்டார்கள். அப்படியானால் டீவிக்காரர் பென் டிரைவைச் செருகி, பதிந்துவைத்த இசைக்கு, அதாவது ட்ராக்குக்குப் பாடுவார். ரொக் கேட்க வந்தவன் முன்னால் ட்ராக் பாடுவது, மாட்டிறைச்சிக் கொத்துக் கேட்டவனுக்கு இடியப்பம் வைக்கிற மாதிரி. இடியப்பத்தில் குற்றமில்லை.

மற்றது, அவருக்கென்றே ஒரு கூட்டம் வரும். அவர் இறங்கியதும் அதில் பாதி வீட்டுக்குக் கிளம்பும். முன்னால் வருகிறவர் அதிகமாக மின்னிவிட்டால் பின்னால் வருகிறவருக்கும் சங்கடம். 1978இல் பிளாக் சபாத் கோஷ்டிக்கு முன்னால் வேன் ஹேலன் வாசித்துக்கொண்டு போனார்கள். ஓய்ந்துபோயிருந்த மூத்தவர்களை இளையவர்கள் இரவுக்கு இரவு மிஞ்சினார்கள் என்று ரொக் ரசிகர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். எங்கள் டீவிக்காரர் வேன் ஹேலன் இல்லை என்பது வேறு கதை. ஆனால் கேட்கிற காசு கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கிறது.

நம்ம பையன்கள்

நாலு பேர். உயர்தரம் எழுதிவிட்டு ஒருவன் போன் திருத்தும் கடையில், ஒருவன் பேக்கரியில், மற்ற இருவரும் கிடைத்த வேலையில். தோட்டத்தில் மூடிக்கிடக்கும் பழைய பிள்ளைக்காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம்) ஞாயிற்றுக்கிழமைகளில் பழகுகிறார்கள். ஒரு காலத்தில் தொட்டில் கட்டியிருந்த கம்பியில் இப்போது வயர் தொங்குகிறது. பெரும்பாலும் மெட்டல் என்கிற முரட்டு ரொக் பாட்டுகள், அதில் சொந்தமாகத் தமிழில் செய்தது இரண்டு. அந்த இரண்டில் ஒன்று உண்மையிலேயே நல்ல பாட்டு. தகரக் கூரையில் மழை அடிக்கிற வேகத்தை ட்ரம்ஸில் கொண்டுவந்திருக்கிறான் அந்தப் பேக்கரிப் பையன். மற்றப் பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இவர்களை ஏற்றக்கூடாது என்பவர்கள் சொல்லும் காரணம், கூட்டம் வேறு, பாட்டு வேறு. குடும்பத்தோடு வருகிறவர்கள் முன்னால் மெட்டல் போட்டால் என்ன ஆகும்? நியாயமான கேள்விதான். 1967 ஜூலையில் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸை, மங்கீஸ் என்ற டீவி புகழ் கோஷ்டிக்கு முன்னால் வாசிக்க விட்டார்கள். கிட்டாரை அவர் என்ன செய்தாலும், கீழே நின்ற சின்னப் பிள்ளைகள் மங்கீஸ் கோஷ்டியின் பாட்டுக்காரர் டேவியைக் கேட்டுத்தான் கத்தின. பத்து நாள்கூட ஆகவில்லை, ஹென்ட்ரிக்ஸ் விலகிவிட்டார். அவருக்குத் திறமை போதாமலா அப்படி ஆனது? திறமையை வைத்து மட்டும் முன்கோஷ்டியைத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் கதை. 1972 அமெரிக்கச் சுற்றில் அவர்களுக்கு முன்னால் ஸ்டீவி வொண்டர் பாடினார், கூட்டம் கொண்டாடியது. 1981 ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சலிஸ் கொலிசியத்தில் அதே ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் பிரின்ஸ் என்ற இளைஞர் ஏறினார். கூட்டம் கூச்சலிட்டு, கையில் கிடைத்ததை எறிந்து விரட்டியது. இருவருமே மேதைகள். காலம் வேறு, உடை வேறு, கூட்டத்தின் மனம் வேறு, பல காரணம் சொல்லலாம். என் கண்ணில் பட்டது ஒன்றுதான். 1972இல் நிகழ்ச்சியின் கடைசியில் ஸ்டீவி வொண்டரை மறுபடி மேடைக்கு அழைத்து ரோலிங் ஸ்டோன்ஸ் சேர்ந்து பாடினார்கள். ‘இவர் எங்கள் ஆள்’ என்று வீட்டுக்காரரே சொன்ன மாதிரி. கல்யாண வீட்டில் தெரியாத ஆள் பந்தியில் உட்கார்ந்தால் எல்லோரும் முறைப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா வந்து தோளில் கை போட்டால் பாயசம் இரண்டு தரம் வரும்.

அதனால் கொழும்புக் கோஷ்டியிடம் ஒரு விஷயம் கேட்டிருக்கிறேன். பையன்களை அறிவிப்பாளர் அறிமுகப்படுத்த வேண்டாம், உங்கள் பாட்டுக்காரரே முன்னால் வந்து இரண்டு வார்த்தை சொல்லட்டும். செலவில்லாத காரியம். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

உள்ளூர்க் கோஷ்டிக்கு ஒரு நல்ல முன்மாதிரியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2007 மார்ச் 17இல் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் கோஷ்டி பெங்களூர் பேலஸ் மைதானத்துக்கு வந்தபோது அவர்களுக்கு முன்னால் வாசித்தவர்களில் டெல்லியின் பரிக்ரமா கோஷ்டியும் ஒன்று. அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோட் ரொக் விழாவிலும் பரிக்ரமா வாசித்தார்கள். பெங்களூரில் அன்றைக்கு முன்னால் வாசித்த இன்னொருவர் லோரன் ஹாரிஸ், அயர்ன் மெய்டனின் பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள். ரசிகர்கள் அதைப் பேசாமல் விடவில்லை. எங்கள் நாலு பையன்களில் ஒருவன் கமிட்டிப் பொருளாளரின் தங்கை மகன். அதையும் பேசாமல் விடமாட்டார்கள். பொருளாளர் அண்ணன் இந்த விஷயத்தில் கை தூக்காமல் வெளியே போய் நிற்கட்டும் என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பையன்கள் 45 நிமிடம் கேட்டார்கள், 25தான் என்றேன். ஐந்து பாட்டு, மூன்று எல்லோருக்கும் தெரிந்தது, இரண்டு சொந்தம். ட்ரம்ஸ் ஒன்றே போதும். பெரிய கோஷ்டியின் ட்ரம்ஸ்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார், ஸ்னேர், சிம்பல், பெடல் மூன்றையும் பையன் கொண்டுவர வேண்டும். எங்கும் உள்ள ஏற்பாடுதான் அது, போன தடவை எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. சவுண்ட் செக்கையும் தலைகீழாக வைத்திருக்கிறோம். கடைசியில் வாசிக்கிறவர்கள் மூன்று மணிக்கு முதலில் பார்ப்பார்கள், பையன்கள் அவர்களுக்குப் பிறகு. அப்போதுதான் ஆறரைக்குப் பையன்கள் ஏறும்போது எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். பெரிய கோஷ்டியின் அளவுகளைச் சவுண்ட் மிக்ஸர் ஞாபகம் வைத்திருக்கும். 45 நிமிடம் எடுத்த மாற்றம் இருபதுக்குள் முடியும் என்று சவுண்ட்காரர் சொல்கிறார். நான் 25 என்று எழுதியிருக்கிறேன்.

அந்த 25 நிமிடம்தான் எனக்குக் கவலை. முன்னால் யார் என்று இத்தனை சண்டை போடுகிறோம், ரசிகர் கொதிப்பது இடைவெளியில். 1992 ஓகஸ்ட் 8இல் மொன்றியல் ஒலிம்பிக் மைதானத்தில் நடந்ததைப் பாருங்கள். முதலில் ஃபெய்த் நோ மோர் கோஷ்டி வாசித்தார்கள், பிரச்சினையில்லை. அடுத்து மெட்டாலிகா கோஷ்டி வாசிக்கும்போது வாணவெடித் தீயில் பாட்டுக்காரர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கை வெந்து பாதியில் நின்றது. கூட்டம் அதையும் தாங்கியது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் மேடை சும்மா கிடந்தது. கடைசியில் ஏற வேண்டிய கன்ஸ் அன் ரோஸஸ் கோஷ்டி பிந்தி வந்து, நேரத்துக்கு முன்பே இறங்கியும் போனார்கள். கலவரம் வெடித்தது அப்போதுதான்.

தப்பு

ஐந்தாவது யோசனை, தப்பு என்கிற தோல் பறை அடிக்கும் குழுவை மேடையேற்றுவது. கமிட்டியில் இதைக் கேட்டதும் எல்லோரும் தலையாட்டினார்கள். பாரம்பரியம், அடையாளம் என்றெல்லாம் நல்ல சொற்கள் வந்தன. வெளியே போய்க் கேட்டால் கதை வேறு. “சாவு வீட்டுல அடிக்கிறத டிக்கட் போட்டா காட்டப் போறீங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. அந்தக் காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) ஆள் எழுப்ப அடித்ததும் தப்புத்தான். நம் பாட்டன் பாட்டிகளைத் தூக்கத்திலிருந்து இழுத்துப்போன சத்தத்துக்கு, பேரப் பிள்ளைகளை ஆட வைக்கவும் உரிமை உண்டு என்பது என் எண்ணம். எல்லோரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

அடிக்கிறவரையே போய்க் கேட்டேன். எழுபதைத் தாண்டிய தாத்தா. ஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார வைத்து பிளேன்டீ கொடுத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். “மேடைக்கு ஏத்துவீங்க. வெள்ள வேட்டி கட்டச் சொல்லுவீங்க. ஏழு நிமிசம்னு சொல்லி, சூடு ஏறுறதுக்குள்ள எறங்கச் சொல்லுவீங்க. கீழ வந்தா ஒரு டீ குடுக்க ஆள் இருக்காது. நா பாத்திருக்கேன் தம்பி.” மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு விடிய விடிய அடித்த கை அது. ஏழு நிமிடம் என்பது அவருக்கு அவமானம்தான்.

தொழில் பிரச்சினையும் இருக்கிறது. தோல் குளிர்ந்தால் தப்பு பேசாது, அடிக்கு முன் நெருப்பில் காய்ச்ச வேண்டும். பெப்ரவரிப் பனியில் கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் தொய்ந்துபோகும். மேடையில் நெருப்பு மூட்ட முடியாது, துணியும் வயரும் இருக்கிற இடம். தோல் இறங்கிய தப்புக்கு முன்னால் எவ்வளவு நல்ல மைக் வைத்தாலும் பலகையைத் தட்டுகிற மாதிரித்தான் கேட்கும். மாசி பிறந்தால் காமன் கூத்துக்கு அவர்களைத் தோட்டம் தோட்டமாக அழைப்பார்கள் என்பதால் திகதியும் இடிக்கும். நாங்கள் குறித்திருப்பது மாசிக்கு முந்திய சனி. அந்த வகையில் தப்பித்தோம்.

எழும்பி வரும்போது தாத்தாவே ஒன்று சொன்னார். “மேடை எதுக்கு? தரையில அடிச்சாத்தான் தப்பு. சனத்துக்கு நடுவுல விடு. மைக் வேணாம். பக்கத்துல நெருப்பு வேணும், அவ்வளவுதான்.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த 25 நிமிடத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மேடையில் வயர் மாற்றிக்கொண்டிருக்கும்போது, மேடை வேண்டாம், மைக் வேண்டாம், கரண்ட்கூட வேண்டாம் என்கிற ஐந்து பேர் மைதானத்துக்கு நடுவில் நின்று அடித்தால்? கூட்டம் மேடைக்கு முதுகைக் காட்டும். அந்த நேரத்தில் காட்டத்தான் வேண்டும், அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அக்கா வந்து சேரும் நேரமும் அதுதான். முன்கோஷ்டியாக வைத்தால் தப்புக்கு வாய்ப்புக் குறைவு. நடுவில் வைத்தால் கேட்ட ஐந்து யோசனையில் அந்த இடத்துக்குப் பொருந்துவது அது ஒன்றுதான்.

என் கொப்பியில் இப்போது இப்படி இருக்கிறது. 6.00 பொன்னாடை, 6.30 பையன்கள், 6.55 தப்பு, 7.20 கொழும்புக் கோஷ்டி, 9.20க்கு முடிவு. ஒப்புக்கு டீஜே பத்து நிமிடம், லைட்காரரைச் சமாதானப்படுத்த. பிரதம விருந்தினர் பிந்தினால் அவருக்காக யாரும் காத்திருப்பதில்லை என்றும் ஒரு வரி எழுதி, தலைவருக்குத் தெரியாமல் அடிக்கோடு போட்டிருக்கிறேன். பத்துக்கு முன் அரை மணி நேரம் கையில் இருக்கிறது. கூட்டம் விடாவிட்டால் பெரிய கோஷ்டி இன்னும் இரண்டு பாட்டுப் பாடலாம், பையன்களையும் மேடைக்குக் கூப்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் வைக்க வேண்டும். டீவிக்காரர் பக்கம் இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள். பொருளாளர் அண்ணன் வெளியே போய் நிற்பாரா என்று தெரியவில்லை. தாத்தாவிடம் கூலி பேசியாயிற்று. பையன்களுக்கு எவ்வளவோ அதே அளவு, அரைப் பேர் கணக்கெல்லாம் கிடையாது, சாப்பாடு தனி. அவர் பக்கத்து நிபந்தனை ஒன்றுதான். இங்கே வயல் இல்லை, வைக்கோல் கிடைக்காது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) ஒரு கட்டு கொண்டுவந்து இப்போதே காயப்போட வேண்டும், ஈர மிலாறு புகையும், தோல் கறுத்துப்போகும் என்றார். யார் வீட்டுத் தாவாரத்தில் போடுவது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.